இரண்டு கார்டுகளின் நீளம்

பட்டியலை அவள் மூன்றாவது முறையாகப் படித்தாள்.

இடது பக்கம் பழையது. வலது பக்கம் புதியது.

அவளுடைய கணினிக்குள் ஏழு வருடங்களாக இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று. அதன் இடத்துக்கு வரப்போகும் கார்டு மற்றொன்று.

நினைவகம்: எட்டு ஜிபி. பதினாறு ஜிபி.

மின்சாரம்: 225 வாட். 180 வாட்.

ஒரு படம் முடிய: நாற்பத்தேழு நிமிடம். பன்னிரண்டு நிமிடம்.

எல்லாவற்றிலும் புதியதுதான் ஜெயித்தது.

கார்டைப் பற்றிப் பேச்சை எடுத்ததும் அவள்தான். புது வீடு கட்டுகிறவர்களுக்கு, உள்ளே அது எப்படி இருக்கும் என்று கணினியில் படம் செய்து கொடுப்பது அவள் தொழில். முன்பின் தெரியாதவர்களின் கூடத்தில் சோபா போடுவாள். ஊஞ்சல் மாட்டுவாள். சாயங்கால வெயிலை ஜன்னல் வழியாகச் சாய்த்து விடுவாள்.

நேற்று ஒரு படம் பாதியிலேயே நின்றது. திரை கறுத்துப் போனது.

ஓசூரில் இருக்கும் கணவனுக்கு ஒரே வரி அனுப்பினாள். ‘கார்டு மறுபடியும் மக்கர் பண்ணுது.’

இன்று காலை செல்பேசிக்குப் பட்டியல் வந்தது. வேறு ஒரு சொல் இல்லை.

செழியன் எப்போதும் இப்படித்தான். இல்லை, பதினோரு மாதங்களாக இப்படித்தான். ஒரு சண்டை. அந்தச் சூட்டிலேயே மாற்றல் வாங்கிக்கொண்டு திருச்சியை விட்டுப் போனான். திரும்பி வா என்று அவளும் சொல்லவில்லை. வரட்டுமா என்று அவனும் கேட்கவில்லை.

ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான்.

கார்டைப் பார்க்க.

செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அந்த அறைக்குப் போவான். பெட்டியைத் திறப்பான். பெயின்ட் பிரஷ்ஷால் விசிறிகளின் இடுக்கைத் துடைப்பான். அவள் காபியோடு கதவருகே நிற்பாள்.

“சாம்பிராணிய இந்த ரூமுக்குள்ள கொண்டு வராதன்னு எத்தன தடவ சொல்றது? எல்லாம் பிசுக்கா ஒட்டிக்குது பாரு.”

வெள்ளிக்கிழமைதோறும் அவள் கொண்டு வருவாள். பெட்டியைச் சுற்றி ஒரு சுற்று கூடுதலாகவே காட்டுவாள்.

நான்கு மணி பஸ்ஸுக்கு அவன் கிளம்பிவிடுவான்.

பட்டியலில் இன்னும் சில வரிகள் இருந்தன.

சத்தம்: பழையதில் அதிகம். புதியதில் வேலை இல்லாதபோது விசிறியே சுற்றாது.

அவள் காது கொடுத்துக் கேட்டாள். மூன்று அறைகள் உள்ள அந்த வீட்டில் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது அந்த விசிறி ஒன்றுதான்.

கோளாறு வந்தால்: புதியதற்குக் கம்பெனி ஆள் வீட்டுக்கே வருவார். மூன்று வருட உத்தரவாதம்.

பழையதற்கு நேராக அவன் எதுவும் எழுதவில்லை. ஒரு கோடு போட்டிருந்தான்.

மூன்று முறையும் அந்தக் கோட்டோடு அவள் நின்றுவிட்டாள். அதற்குக் கீழே போகவில்லை.

செல்பேசி அதிர்ந்தது.

‘ஓகேன்னா இன்னிக்கே ஆர்டர் போட்டுடறேன். கம்பெனி ஆளே வந்து மாட்டிடுவார். பெட்டிக்குள்ள எடம் இருக்கான்னு மட்டும் அளந்து சொல்லு. புது கார்டு 30.4 செ.மீ.’

அவள் கணினியை அணைத்தாள். விசிறி மெல்ல மெல்ல நின்றது. நான்கு திருகுகளைக் கழற்றி, பக்கத் தகட்டை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். தையல் டேப்பை உள்ளே நீட்டிப் பிடித்தாள்.

முப்பத்து மூன்று.

தாராளமாக இருந்தது. இரண்டு விரல் போகும்.

தரையில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஞாயிறு அவன் வர வேண்டிய ஞாயிறு. புதியது வந்துவிட்டால் அவன் எதைப் பார்க்க வருவான்?

விரல் தானாகத் தட்டியது.

‘29 தான் இருக்கு. பொருந்தாது. பழசே இருக்கட்டும்.’

அனுப்பிவிட்டாள்.

நிம்மதியாக இருந்தது. டேப்பைச் சுருட்டிக்கொண்டே, எதற்கோ, பட்டியலை மறுபடி திறந்தாள். இந்த முறை கடைசி வரி வரைக்கும் வந்தாள்.

நீளம்: பழையது 29.8. புதியது 30.4.

அவள் திரும்பிப் பெட்டிக்குள் பார்த்தாள்.

அந்த 29.8 அங்கேதான் இருந்தது. நேராக, வசதியாக, முன்னால் இரண்டு விரல் இடம் விட்டு.

அவசரமாகச் செய்தியை அழிக்கப் போனாள். இரண்டு டிக்கும் அதற்குள் நீலமாகியிருந்தன.

காத்திருந்தாள். கீழே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டே தெருக்கோடி வரை போய்த் திரும்பினார்.

பதில் வந்தது.

‘29 செ.மீ. எடத்துல 29.8 கார்டு ஏழு வருஷமா எப்படிடி உக்காந்திருக்கு?’

டேப்பைத் தப்பாகப் பிடித்துவிட்டேன் என்று தட்டினாள். அழித்தாள். கண்ணாடி போட மறந்துவிட்டேன் என்று தட்டினாள். அதையும் அழித்தாள்.

பிறகு, பதினோரு மாதங்களாகத் தட்டாத ஒன்றைத் தட்டினாள்.

‘உக்கார வெச்சது நீங்கதானே. நீங்களே வந்து பாருங்க.’

செல்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

இன்று புதன்தான்.

பக்கத் தகட்டை மறுபடி மாட்டவில்லை. தரையில் உருண்டு கிடந்த நான்கு திருகுகளையும் தேடிப் பொறுக்கினாள். ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, அவன் உட்காரும் பக்கமாக, கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள்.