ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு முறை

பனியன் கம்பெனியில் துணி மூட்டை சரிந்து விழுந்து என் இடுப்பெலும்பு நொறுங்கி மூன்று வருடமாகிறது. உதவித்தொகை கேட்டுப் போட்ட மனுவை இலாகா ஒரே வரியில் தள்ளிவிட்டது.

"மனுதாரர் இந்த ஆண்டில் மட்டும் 1,146 முறை தொலைபேசியில் 'நல்லா இருக்கேன்' என்று கூறியுள்ளார்."

யாராவது போன் போட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் வேறு என்னதான் சொல்வதாம்?

இரண்டு வக்கீல்கள், இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவதாகப் பார்த்த நஸ்ரீன், அந்தக் கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"தணிகாசலம் சாருங்களா? போன வாரந்தான் கோர்ட்டு வாசல்ல பார்த்தேன். ஒரே கேள்வி போதுங்கக்கா. நீங்க வந்து உக்காந்திருங்க."

"உக்காரத்தானம்மா முடியல."

"அப்ப நில்லுங்க. ரொம்ப நேரம் ஆகாது."

விசாரணை நாளில் அதிகாரி தணிகாசலம் வலது காலில் மாவுக்கட்டோடு, இரண்டு கக்கத்திலும் கட்டையோடு, வியர்த்து வழிய வந்து சேர்ந்தார். நஸ்ரீன் எழுந்து கும்பிட்டாள்.

"வாங்க சார். எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் மேடம்," என்றார் அவர், கட்டைகளைச் சுவரில் சாய்த்தபடி.

நஸ்ரீன் நீதிபதி பக்கம் திரும்பினாள். "ஐயா, சார் சொன்னதையும் பதிவு பண்ணிக்கணும்."

நீதிபதி மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு, அரை மணி நேரமாக மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். உதவித்தொகை கொடுக்கச் சொல்லி அன்றைக்கே உத்தரவு வந்துவிட்டது.

வெளியே வந்ததும் மகள் போனில் கூப்பிட்டாள். "எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன் கண்ணு," என்றேன். எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.