இஞ்சி போட்ட கொழுக்கட்டை

நான்ஜிங் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்த நஞ்சுக்கொடியை, இஞ்சியோடு கொத்திக் கொழுக்கட்டையாக அவித்து வைத்தாள் மாமியார்.

"பால் ஊறணும்னா சாப்பிடு ருய்லான்," என்றான் கணவன் செங்யீ, இருமிக்கொண்டே.

"குமட்டுதுங்க. என்ன ருசியோ! முதல்ல நீங்க தின்னு காட்டுங்க."

பசியில் பிள்ளை வீறிட்டது. செங்யீ கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை விழுங்கினான்.

"அட, பன்னிக்கறி மாதிரிதான் இருக்கு!"

அவளை நம்பவைக்க, இன்னும் ஆறு தின்றான்.

ருய்லான் சிரித்தபடி பிள்ளையை மார்பில் அணைத்தாள். அது மடக்மடக்கென்று குடித்தது.

"எனக்கு நேத்தே பால் ஊறிடுச்சுங்க."

செங்யீ திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தான்.

"இருமலுக்கு இதுதான் மருந்துன்னு வைத்தியர் சொன்னப்போ, செத்தாலும் தின்னமாட்டேன்னு ஓடினியேடா! மிச்சம் நாலு இருக்கு, தின்னு முடி."