மண்ணீரலின் விளிம்பு

நிரோஜினி சட்டையை உயர்த்திக் கட்டிலில் படுத்திருக்கிறாள். மருத்துவர் இடது விலாவுக்குக் கீழே விரல்களால் அழுத்தி, கடினமாகத் தட்டுப்படும் இடமெல்லாம் நீல மையால் கோடு இழுத்துக்கொண்டே வருகிறார். கோடு தொப்புள் வரை இறங்குகிறது. அதுதான் மண்ணீரலின் விளிம்பு. கோஷே என்ற அரிய நோய், பிறவியிலேயே ஒரு நொதி குறைவு என்கிறார் பிரெஞ்சில். அண்ணி தாட்சாயினி தமிழில் சொல்கிறாள். "ரெண்டு கிழமைக்கு ஒருக்கா மருந்து ஏத்தினா வீக்கம் வத்துமாம்." ஜன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டுகிறது. கல்யாணமாகாத இந்தப் பெண்ணை மூன்று முறை கர்ப்பப் பரிசோதனைக் குச்சியோடு குளியலறைக்குள் அனுப்பிவிட்டு, கதவருகே காவல் நின்றவள் தாட்சாயினி. வயிறு எப்போதிருந்து பெருத்தது என்று மருத்துவர் கேட்கிறார்.

"எப்ப இருந்தெண்டு கேக்கிறா."

"என்னட்ட ஏன் கேக்கிறீங்கள் அண்ணி? நீங்கள்தானே மாசம் எண்ணினீங்கள்."

தாட்சாயினி கைப்பையின் வாரைத் திருகுகிறாள். ஐந்து மாதம் என்று பிரெஞ்சில் சொல்கிறாள். மருத்துவர் எழுதிக்கொள்கிறார். இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பது இவளுடைய அதிர்ஷ்டம், இதையும் இவளிடம் சொல்லுங்கள் என்று சிரிக்கிறார்.

"என்னவாம்?" என்கிறாள் நிரோஜினி.

இருவரும் தாட்சாயினியின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள்.