மேற்கு ஜன்னல்

"மேற்குப் பக்கம் ஜன்னல் வச்சா அது வீடு இல்ல, அடுப்பு!" அவர் மேசையைத் தட்டியதில், அட்டையால் செய்த மாதிரி வீடு ஒரு துள்ளு துள்ளியது.

"ஜன்னல் இல்லேன்னா அதுக்குப் பேரு பெட்டி," என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். "சாயங்காலக் காத்து அந்தப் பக்கமிருந்துதான் வருது. பொண்ணுக்கு இளைப்பு இருக்கறது ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"அதை எனக்கு நீங்க சொல்லித் தரணுமா?"

ஆர்க்கிடெக்ட் பெண் பென்சிலைக் கடித்தாள். சொந்தமாக அலுவலகம் திறந்தபின் வந்த முதல் வேலை. ஏசி இல்லாமல், சூரிய மின்சாரத்தையும் மழைநீரையும் வைத்தே சமாளிக்கிற குட்டி வீடு. புருஷன் பெண்டாட்டி சண்டையில் அது கட்டுவதற்கு முன்பே இடிந்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

"இது சரிப்பட்டு வராது." அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"போங்க. பாதியில எழுந்து போறதுதானே உங்க பழக்கம்!"

அவர் முகம் சுருங்கியது. கதவில் கை வைத்தவரை ஆர்க்கிடெக்ட் ஓடிப்போய் மறித்தாள். "சார், ரெண்டே நிமிஷம். இதைப் பார்த்துட்டுப் போங்க."

மேசை விளக்கைச் சாய்த்து வைத்தாள். அதுதான் மாலை வெயில். மாதிரி வீட்டின் மேற்கு ஜன்னலில் சாய்வான அட்டைப் பட்டைகளைச் செருகி, கூரையையும் சற்று வெளியே நீட்டினாள். உள்ளே இருட்டியது. பிறகு அதே பக்கமிருந்து வாயால் ஊதினாள். உள்ளே ஒட்டியிருந்த காகிதத் துண்டு படபடத்தது.

"வெயில் வெளியவே நின்னுடும். காத்து மட்டும் வரும்."

இருவரும் ஒரே சமயத்தில் குனிந்ததில் தலை முட்டியது. "சாரி", "பரவால்லீங்க" என்று பஸ்ஸில் அடுத்த சீட்டுக்காரர்கள் போல விலகிக்கொண்டார்கள்.

"அவ மூச்சுத் திணறாமத் தூங்குவாளா?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"நிம்மதியாத் தூங்குவா சார்."

அவர் உட்கார்ந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆர்க்கிடெக்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்புறம் கட்டில். பொண்ணுக்கு ஒண்ணு, உங்க ரெண்டு பேருக்கும் அகலமா ஒண்ணு..."

"ஒருத்தர் படுக்கற அளவு போதும்." இருவரும் அன்று முதல் முறையாக ஒத்துப்போனார்கள்.

"அப்போ இன்னொருத்தர்?"

"அவங்கவங்க வாடகை ரூம்ல," என்றாள் அவள். "ஒரு வாரம் இவர் வந்து இருப்பார், ஒரு வாரம் நான். பொண்ணு இனிமே பையைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம்."

ஆர்க்கிடெக்ட் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்களுக்கு விவாகரத்து ஆகி ரெண்டு வருஷமாச்சு மேடம்."