கம்பத்தடிச் சண்டை

தெருமுனையில் நிற்கிற கண்காணிப்புக் கம்பம் பிள்ளைகளின் அடிதடியை எண்ணும். பிள்ளைகளைத் திருத்தவென்று, எந்த வார்டில் அடிதடி பதிவாகிறதோ அந்த வார்டின் விளையாட்டுக் கூடத்துக்குத்தான் மாநகராட்சி பணம் கொடுக்கும். சூசைமாணிக்கம் பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு, சாயங்காலம் வாலிபால் சொல்லிக்கொடுத்தார். அவர் வார்டுப் பிள்ளைகள் சண்டையையே மறந்துபோனார்கள். கூடத்தை மூடப்போவதாகத் தகவல் வந்தது.

அதனால் அவரே ஒரு சண்டைக்கு ஏற்பாடு செய்தார். பந்தை ஓங்கி அடிப்பதில் கெட்டிக்காரியான ஜெனோவாவைக் கம்பத்தடியில் நிறுத்தி, கூட ஆடும் மெர்சியை அறையச் சொன்னார். மெர்சியும் சம்மதித்துத்தான் கன்னத்தைக் காட்டினாள்.

"பலமா அடிக்கவா அண்ணாச்சி?"

"கம்பம் நம்புத மாதிரி அடிட்டி."

கம்பம் நம்பியது. பணம் வந்தது, புது வலைகூடக் கட்டினார்கள். ஆனால் அந்த அறை கம்பத்தின் பதிவில் ஜெனோவாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி வேலைக்குப் போனவளை, அந்தப் பதிவைப் பார்த்து, கைநீட்டுகிற பிள்ளை என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கும் அவள் ஆட வந்தாள்.

"என் நடிப்பு அம்புட்டு தத்ரூபம் அண்ணாச்சி" என்று சிரித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சூசைமாணிக்கம் நேரே கம்பத்தடிக்குப் போனார்.

"அடிக்கச் சொன்னது நான். அவ பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு" என்று கம்பத்தை ஓங்கி உதைத்தார்.

"வயது நாற்பத்தாறு. இளைஞர் கணக்கில் சேராது" என்றது கம்பம்.

கால் விண்ணென்று வலித்தது. பின்னால் கூடத்தில் ஜெனோவா அடித்த பந்து, கன்னத்தில் அறைந்தமாதிரி தரையில் விழுந்தது.