கோடு விழும்வரை

உப்பளத்தில் யாராவது மயங்கி விழுந்தால் முதலில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். வெப்பம் தாக்கிய உடம்பில் ஒரு புரதத்தின்மேல் பாஸ்பேட் ஏறியிருக்கும். அதை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி தடவிய பட்டையில் சிவப்புக் கோடு விழுந்தால் கூலியோடு ஓய்வு. விழாவிட்டால் நடிப்பு என்று பொருள், வேலை போய்விடும். உடம்பு குளிர்ந்தால் பாஸ்பேட் இறங்கிவிடும் என்பதால், பட்டை வரும்வரை தண்ணீர் கொடுக்கவோ மேலே ஊற்றவோ கூடாது.

இசக்கித்தாய் வரப்பில் சரிந்தபோது, பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த செல்வக்கனி இதையெல்லாம் மறந்துவிட்டாள். குடத்துத் தண்ணீரை அப்படியே அவள் தலையில் கவிழ்த்தாள்.

கங்காணி, பட்டைகள் இருந்த ஐஸ் பெட்டிக்குக் குடை பிடித்தபடி வந்து சேர்ந்தார். ஆன்டிபாடிக்கு வெயில் ஆகாது. அதற்குள் இசக்கித்தாய் கண் விழித்திருந்தாள். கோடு விழவில்லை.

“நல்லாத்தான் நடிக்க. நாளையிலருந்து வராத.”

“அண்ணாச்சி, நாந்தான் தண்ணி ஊத்துனேன். இல்லன்னா செத்துருப்பா,” என்றாள் செல்வக்கனி.

“செத்திருந்தா கோடு விழுந்திருக்கும்லா?”

மறுவாரம் செல்வக்கனியே விழுந்தாள். பெண்கள் குடங்களோடு ஓடிவந்து சுற்றி நின்றார்கள். தூரத்தில் கங்காணியின் குடை மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஒருத்தி பொறுக்கமாட்டாமல் குடத்தைச் சாய்த்தாள்.

செல்வக்கனி கையால் அதைத் தள்ளினாள்.

“ஊத்தாதட்டி. பொட்டி வரட்டும்.”