பின்பக்கப் படி

மயிலாப்பூர் மாட வீதியில் அந்தப் பழைய கடைக் கட்டடம் இப்போது காபி ஷாப். மகன் உள்ளே காபி வாங்கப் போக, கோவிந்தம்மா பின்பக்கத்துச் சுருள் இரும்புப் படியில் கால் வைத்தாள். இளம் மானேஜர் தடுத்தான்.

“இது விஐபிக்கு மட்டும்மா. நூறு வருஷத்துப் படி. முதலாளி குடும்பம் ஏறி எறங்கினது. போர்டுல ஹிஸ்டரி எழுதியிருக்கோம் பாருங்க.”

மேலே ஒரு கல்யாணப் பெண் கைப்பிடியில் கன்னத்தைச் சாய்த்து போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மா முகம் சுளித்தாள்.

“சின்ன வயசுல நான் தினம் இதுல ஏறுவேன் நைனா.”

மானேஜர் அவளுடைய பட்டுப் புடவையைப் பார்த்தான். குரல் குழைந்தது. “அந்தக் குடும்பமாம்மா நீங்க? முன்னயே சொல்லக் கூடாதா? வாங்க, பாத்து ஏறுங்க.” அவள் கையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டான்.

“அவங்க யாரும் இத தொட்டதுகூட கெடையாது. மாடி கக்கூஸ்லேர்ந்து பீ வாளிய தூக்கினு வரத்தான் இந்தப் படிய வச்சாங்க. நானும் எங்கம்மாவும் தூக்கினோம். முன்னாடி படியில எங்கள விட மாட்டாங்க. அந்தப் பொண்ண மூஞ்ச கழுவச் சொல்லு.”

மானேஜர் அவள் கையை விட்டான். தன் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.